வெட்டுக்காயத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் நடுவே: காவலர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். திருமங்கலம் பக்கம் ஒரு ஸ்டேஷனில் வேலை பார்க்கும் உங்கள் தம்பியும் இன்னொரு காவலரும், பிடிவாரண்ட் உள்ள ஒருவரைத் தேடி ராத்திரி ஒரு தென்னந்தோப்புக்குப் போயிருக்கிறார்கள். அந்த ஆள் அரிவாளை வீசியதில் உடன் போனவருக்கு முன்கையில் ஆழமான வெட்டு. ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதுவரை முதலில் கைக்குட்டையையும் பிறகு விசில் கயிற்றையும் கட்டி வைத்திருக்கிறார்கள். "போலீஸுக்கு மருத்துவப் பயிற்சி கொடுப்பதெல்லாம் நடக்கிற காரியமா, அது டாக்டர் வேலை இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்து வாரம் ஆகியும் அவருக்கு இரண்டு விரல் மரத்தே இருக்கிறது, கயிறு கட்டியதுதான் காரணமா என்பது இன்னொரு கேள்வி. இவற்றுக்கு அடியில் நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அடுத்த வெட்டு உங்கள் தம்பி மேல் விழுந்தால், பக்கத்தில் நிற்கிறவருக்கு என்ன தெரிந்திருந்தால் அவர் உயிரோடு வீடு வந்து சேர்வார்? முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. ராணுவ மருத்துவப் பிரிவில் பதினேழு வருடம் நர்சிங் அசிஸ்டண்டாக இருந்தேன், அதில் இரண்டு தவணை காஷ்மீரில். ஊர் திரும்பிய பிறகு மதுரையில் ஒரு மருத்துவமனையின் எமர்ஜென்சி பிரிவில் ஒன்பது வருடம். இப்போது காவலர்கள், ஊர்க்காவல் படையினர், பஸ் டிரைவர்கள் என்று கேட்கிறவர்களுக்கு முதலுதவி சொல்லிக் கொடுக்கிறேன். ரத்தப்போக்கு பற்றி நான் எழுதுவது கையால் பழகியது. நெஞ்சுக் காயம் பற்றியும் வெளிநாட்டு ஆய்வுகள் பற்றியும் எழுதுவது பெரும்பாலும் படித்துத் தெரிந்தது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

டாக்டர் வேலைதான் என்பது சரி. ஆனால் டாக்டர் வரும்வரை ரத்தம் காத்திருக்காது. வளர்ந்த ஆளின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. தொடையில் ஓடும் பெரிய தமனி முழுதாக அறுந்தால் சில நிமிடங்களில் ஆள் போய்விடுவார். அந்தச் சில நிமிடத்துக்குள் எந்த ஊர் ஆம்புலன்ஸும் வந்துவிட முடியாது. அங்கே இருப்பது பக்கத்தில் நிற்கும் காவலரின் இரண்டு கைகள்தான். இதை முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர்கள் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள். வியட்நாம் போரில் செத்தவர்களின் காயங்களை ஆராய்ந்து, களத்திலேயே காப்பாற்றியிருக்கக்கூடிய சாவுகள் பெரும்பாலும் மூன்று வகை என்று கண்டார்கள்: கை கால் காயத்தில் ரத்தம் வடிந்து போவது, நெஞ்சுக்குள் காற்று அடைத்து நுரையீரல் சுருங்குவது, மூச்சுக்குழல் அடைபடுவது. இதை வைத்து 1996இல் வெளியான வழிமுறைதான் இன்று பல நாட்டுப் படைகளிலும் பாடம். 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு அதையே போலீஸுக்கும் பொதுமக்களுக்கும் ஏற்ற மாதிரி மாற்றினார்கள். எனவே நடக்கிற காரியமா என்றால், நடந்துகொண்டிருக்கிற காரியம்.

அந்தப் பாடத்தில் நம் காவலர்களுக்கு மிகவும் வேண்டியது வரிசை. சாதாரண முதலுதவி வகுப்பில் காயம்பட்டவரிடம் ஓடு என்று சொல்லித் தருகிறோம். ஆபத்து இன்னும் தீராத இடத்தில் அது தப்பு. அரிவாளோடு ஒருவன் பத்தடி தூரத்தில் நிற்கும்போது குனிந்து கட்டுப் போட்டால், ஒரு நோயாளி இரண்டு நோயாளி ஆவார்கள். அந்த நிலையில் முதல் வேலை அவனை அடக்குவது, அல்லது மரத்தின் பின்னாலோ ஜீப்புக்குப் பின்னாலோ போய் மறைவது, காயம்பட்டவரையும் அங்கே இழுத்துக்கொள்வது. மருத்துவம் என்று அங்கே செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: கை காலில் பீறிடும் ரத்தத்தைக் கட்டி நிறுத்துவது. அதையும் முடிந்தால் காயம்பட்டவரே தன் ஒற்றைக் கையால் செய்துகொள்ள வேண்டும். மூச்சுப் பார்ப்பது, நாடி பார்ப்பது, மற்ற காயங்களைத் தேடுவது எல்லாம் மறைவுக்கு வந்த அப்புறம். வாகனத்தில் ஏற்றிய பிறகு கட்டு நழுவியிருக்கிறதா என்று திரும்பப் பார்ப்பது மூன்றாவது கட்டம். உங்கள் தம்பி அன்றைக்கு முதலில் ஆளை விரட்டிவிட்டுத்தான் நண்பரிடம் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். "முதலில் அவனைப் பார்த்திருக்க வேண்டுமோ" என்று அவர் இன்னும் வருத்தப்படுகிறாராம். அவர் செய்ததுதான் சரி என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

இனி கட்டு. டூர்னிக்கெட் என்பது ஒரு அகலமான பட்டை, அதை முறுக்க ஒரு கோல், முறுக்கிய கோல் அவிழாமல் மாட்டி வைக்க ஒரு கொக்கி. காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, உடம்புப் பக்கமாகப் போட வேண்டும், முட்டி மூட்டிலோ முழங்கை மூட்டிலோ போடக் கூடாது. இருட்டில் காயம் எங்கே என்றே தெரியவில்லை என்றால் உடைக்கு மேலேயே கையின் அல்லது காலின் மேல்முனையில் போட்டுவிடலாம். ரத்தம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். அது வலிக்கும், அலறுகிற அளவுக்கு வலிக்கும். அந்த அலறலைக் கேட்டுத் தளர்த்திவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அரைகுறையாக இறுக்கினால் உள்ளே போகும் தமனி ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், திரும்பும் வழி மட்டும் அடைபடும், அதனால் ரத்தப்போக்கு கூடத்தான் செய்யும். கைக்குட்டையும் கயிறும் தோற்பது இதனால்தான். கைக்குட்டையை முறுக்குக் கோல் இல்லாமல் எவ்வளவு இழுத்தாலும் போதிய அழுத்தம் வராது. கயிறு மெல்லிசாக இருப்பதால் சதையையும் நரம்பையும் அறுக்கிற மாதிரி அழுத்தும். வேறு வழியே இல்லை என்றால் நாலு விரல் அகலத்துக்கு மடித்த துண்டும், முறுக்குவதற்கு ஒரு உறுதியான குச்சியும் வேண்டும். லத்தி அதற்கு நீளம் அதிகம்.

கட்டினால் கையை எடுக்க வேண்டி வருமே என்ற பயம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்கள் உண்டு. சுமார் இரண்டு மணி நேரம் வரை இறுகிய கட்டு பாதுகாப்பானது என்றே எடுத்துக்கொள்ளலாம். அறுவைச் சிகிச்சை அறையில் எலும்பு டாக்டர்கள் தினமும் அவ்வளவு நேரம் கட்டி வைத்து வேலை செய்கிறார்கள். பாக்தாத்தில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாடி தளர்ந்து உடம்பு சில்லிடுவதற்கு முன்பே கட்டு போட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள், அந்த நிலை வந்த பிறகு போட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். கட்டு போட்ட ஒரே காரணத்தால் அங்கே யாரும் கை காலை இழக்கவில்லை. போட்ட நேரத்தை நெற்றியிலோ கட்டின் மேலோ எழுதிவிடுங்கள். பழைய புத்தகங்களில் கால் மணிக்கு ஒரு தடவை தளர்த்தச் சொல்லியிருப்பார்கள். அதை மறந்துவிட வேண்டும், தளர்த்துகிற ஒவ்வொரு முறையும் மிச்ச ரத்தமும் போகும். இன்னொன்று: இதைக் கற்றுக்கொண்டு பாம்புக்கடிக்கும் கட்டிவிடாதீர்கள். பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டவே கூடாது. தோட்டத்தில் ரோந்து போகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது.

கட்ட முடியாத இடங்கள் உண்டு. தொடை இடுக்கு, அக்குள், கழுத்தின் அடி. நம் பக்கத்தில் இது புத்தக விஷயம் இல்லை, அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று தை பிறந்தால் வரிசையாக ஜல்லிக்கட்டு நடக்கிற ஊர்கள். பெரிய இடங்களில் டாக்டர்களும் ஆம்புலன்ஸும் வாடிவாசல் பக்கத்திலேயே நிற்பார்கள். சின்ன ஊர் மஞ்சுவிரட்டில் அப்படி இருக்காது. மேலூர் பக்கம் அப்படி ஒன்றுக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். கண்மாய்க்கரையில் நின்ற ஒரு பையனுக்குத் தொடை இடுக்கில் கொம்பு ஏறிவிட்டது. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சேர்வதற்குள் பந்தோபஸ்தில் இருந்த ஒரு தலைமைக் காவலர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் துண்டின் ஒரு முனையைக் காயத்துக்குள் விரலால் திணித்துக்கொண்டிருந்தார். திணிக்கத் திணிக்கத் துண்டு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மேலே இடம் நிறைந்ததும் முழங்காலை அதன் மேல் ஊன்றி, உடம்பு பாரம் முழுவதையும் இறக்கினார். "எடுத்துப் பாருண்ணே, நின்னிருச்சா" என்று யாரோ கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார், எடுக்கவில்லை. ஜீப்பில் ஏற்றும்போதும் அழுத்தியபடியே கூட ஏறினார். யாரிடம் கற்றீர்கள் என்று பிறகு கேட்டேன். பட்டாலியனில் இருந்தபோது ஒரு மிலிட்டரிக்காரர் ஒரு மதியம் சொல்லிக் கொடுத்தாராம். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மதியம்.

அவர் செய்தது அத்தனையும் சரியான முறை. சுத்தமான காஸ் துணி (காயத்துக்குக் கட்டும் வலைத்துணி) இருந்தால் நல்லது, இல்லை என்றால் துண்டு போதும். கிருமியை மருத்துவமனையில் பார்த்துக்கொள்வார்கள். ரத்தம் வரும் அடி வரை திணிக்க வேண்டும், மேலாக வைத்தால் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு குறைந்தது பத்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். நெஞ்சிலும் வயிற்றிலும் இப்படித் திணிக்கக் கூடாது. குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ள முயலாமல் ஈரமான சுத்தத் துணியால் மூடிக் கொண்டுபோக வேண்டும். காப்பித்தூள், மஞ்சள் அப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள். வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றுவதையும்.

வகுப்பில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது ரத்தத்தின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவதற்கு. சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் அரை லிட்டரை சிமெண்ட் தரையில் ஊற்றினால், ஆள் செத்துவிடுவார் என்கிறார்கள். அதே அரை லிட்டரை உழுத கரிசல் மண்ணில் ஊற்றினால், ஒன்றும் இல்லை, சின்னக் காயம் என்கிறார்கள். திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்து மண் ரத்தத்தைக் குடித்துவிட்டு நிறமும் காட்டாது. காக்கி பேண்ட்டும் இருட்டில் அப்படித்தான். அதனால் தரையைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கப் பழக்குகிறேன். சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா, தாகம் தாகம் என்கிறாரா, மணிக்கட்டில் நாடி கிடைக்கிறதா, நெற்றி வியர்த்துக் குளிர்ந்திருக்கிறதா? அப்புறம், அவரைப் போர்த்துங்கள். மதுரை வெயிலில் போர்வையா என்று கேட்பார்கள். ரத்தம் இழந்த உடம்பு சித்திரை மாதத்திலும் குளிர்ந்து போகும், குளிர்ந்த உடம்பில் ரத்தம் சரியாக உறையாது. வெறும் தரையில் கிடத்தாமல் அடியில் ஏதாவது விரித்து, ஈர உடுப்பை எடுத்துவிட்டு மூடினாலே பெரிய உதவி.

இதுவரை சொன்னது நிச்சயமானது. இனி அவ்வளவு நிச்சயமில்லாத இடம். நெஞ்சில் குத்துப்பட்டு ஓட்டை வழியே காற்று போய் வந்தால் உடனே உள்ளங்கையால் மூட வேண்டும், அதற்கென்று வால்வு வைத்த ஒட்டுப்பட்டை இருந்தால் அதை ஒட்ட வேண்டும். மூடிய பிறகு மூச்சுத் திணறல் கூடினால் ஒரு கணம் திறந்துவிட வேண்டும். இந்த ஒட்டுப்பட்டை எத்தனை உயிரைக் காக்கிறது என்பதற்கு, டூர்னிக்கெட்டுக்கு இருக்கிற மாதிரி வலுவான சான்று கிடையாது. நெஞ்சில் ஊசி குத்திக் காற்றை எடுக்கும் முறையைச் சில நாடுகளில் சிறப்புப் படைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். நம் ஸ்டேஷன் காவலருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து, தவறான இடத்தில் குத்தினால் இல்லாத ஆபத்தை உண்டாக்கும்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதா, ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்புவதா என்பதும் அப்படித்தான். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் குண்டடி, கத்திக்குத்துப் பட்டவர்களைப் போலீஸ்காரர்களே காரில் ஏற்றிக்கொண்டு போவது 1980களிலிருந்து வழக்கம். 2014இல் நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை வைத்து ஒப்பிட்டபோது, காயத்தின் கடுமையைக் கணக்கில் எடுத்தால் போலீஸ் கொண்டுவந்தவர்களும் ஆம்புலன்ஸ் கொண்டுவந்தவர்களும் மொத்தத்தில் ஏறக்குறைய ஒரே அளவில் பிழைத்தார்கள். மிகக் கடுமையாகக் காயம்பட்டவர்களில் போலீஸ் கொண்டுவந்தவர்களுக்குக் கொஞ்சம் அனுகூலம் தெரிந்தது. ஆனால் அது மருத்துவமனைகள் நெருங்கி இருக்கிற பெருநகரம். உசிலம்பட்டியில் இருந்து மதுரை கோரிப்பாளையத்துப் பெரிய அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்வது வேறு கணக்கு. என் கருத்தைச் சொல்கிறேன்: கை காலில் கட்டி ரத்தம் நின்றுவிட்டால் 108க்குக் காத்திருக்கலாம். நெஞ்சு, வயிறு, இடுக்குக் காயம் என்றால், 108க்குப் போன் போட்டுக்கொண்டே கிளம்பி வழியில் ஆம்புலன்ஸை எதிர்கொள்வது நல்லது. பின்சீட்டில் ஒருவர் கட்டாயம் அழுத்திக்கொண்டே வர வேண்டும். முதுகெலும்பு அடிபட்டிருக்குமோ என்ற சந்தேகம் சாலை விபத்தில் பெரிது, வெட்டுக் குத்தில் குறைவு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அரிவாள் வீசிய அந்த ஆளுக்கே காயம் பட்டிருந்தால்? போலீஸ் சுட்டதாகவே இருந்தால்? அவருக்கும் இதே கை, இதே கட்டு. மருத்துவ உதவி தருவது கடமை என்று 1990இல் ஐக்கிய நாடுகள் வகுத்த துப்பாக்கிப் பயன்பாட்டு நெறிகளிலும், என்கவுன்டர் பற்றி 2014இல் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்களிலும் தெளிவாக இருக்கிறது. காலில்தானே சுட்டோம் என்று அசட்டையாக இருக்க முடியாது. முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனி அறுந்தால் உயிரும் போகலாம், ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் காலும் போகலாம். அதேபோல, விலங்கு மாட்டியவரைக் குப்புறப் போட்டு முதுகில் உட்காரக் கூடாது. மூச்சு நின்றுவிடும். அடங்கியதும் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். வகுப்பில் இதைச் சொல்லும்போது சில முகங்கள் இறுகும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

கூட்ட நெரிசலும் காவலருக்கு ஆபத்தான இடம்தான். 2022இல் அழகர் ஆற்றில் இறங்கிய நாளில் நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். நெரிசலில் பெரும்பாலும் மிதிபட்டுச் சாவதில்லை, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்று சாகிறார்கள். வெளியே இழுத்தவருக்கு உணர்வும் மூச்சும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். இங்கே ஊதிக் கொடுக்கும் மூச்சும் முக்கியம், முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு.

இவ்வளவையும் எப்படிக் கற்பது? காதால் கேட்டால் வராது. என் வகுப்பில் கறிக்கடையிலிருந்து ஒரு ஆட்டுத் தொடை வாங்கி, கத்தியால் ஆழமாகக் கீறி, உள்ளே ஒரு சின்ன ரப்பர் குழாயைச் செருகி, சாயத் தண்ணீரை அழுத்தி விடுவோம். ஒவ்வொருவரும் திணித்து நிறுத்தினால்தான் அடுத்த ஆள். கட்டுப் பயிற்சிக்கு விளக்கை அணைத்துவிட்டு, கையில் சோப்புத் தண்ணீரைப் பூசிவிடுவேன். ரத்தம் பட்ட கை அப்படித்தான் வழுக்கும். முதல் தடவை இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறவர்கள், பத்தாவது தடவை முப்பது வினாடிக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் ஆறு மாதம் தொடாமல் விட்டால் தடுமாறுகிறார்கள். அந்தத் தலைமைக் காவலரைப் போல ஒரே மதியத்தில் கற்றதைப் பன்னிரண்டு வருடம் கையில் வைத்திருப்பவர்கள் அபூர்வம். அவரை நம்பித் திட்டம் போட முடியாது. வருடம் இரண்டு முறை, ஒரு அரை நாள், அது போதும்.

பொருளும் உடம்போடு இருக்க வேண்டும். ஜீப் சீட்டுக்கு அடியில் பூட்டிய பெட்டியில் பஞ்சும் டெட்டாலும் காலாவதியான மாத்திரையும் இருந்து பயனில்லை. பெல்ட்டில் ஒரு டூர்னிக்கெட், பாக்கெட்டில் ஒரு காஸ் உருளை, ஒரு ஜோடி கையுறை. தரமான டூர்னிக்கெட் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வருபவற்றில் போலிகள் அதிகம், முறுக்கும்போது கோல் ஒடிந்துவிடும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும் உங்கள் தம்பி போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள், அடுத்தவர் ரத்தத்தில் கை வைக்கிறவருக்கு அது அவசியம்.

கடைசியாக அந்த விரல்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டுக்கும் பெரும்பாலும் உணர்ச்சி கொடுப்பது முன்கையின் உள்பக்கமாக ஓடும் ஒரே நரம்பு. அது கயிற்றின் அழுத்தத்தில் மரத்திருக்கலாம், அரிவாளே அதைத் தொட்டிருக்கலாம். முதலாவதாக இருந்தால் பெரும்பாலும் சில வாரத்திலிருந்து சில மாதத்தில் தானாகத் திரும்பும். இரண்டாவதாக இருந்தால் தானாக வராது, தைக்க வேண்டும், தள்ளிப்போடப் போட பலன் குறையும். பார்க்காமல் எது என்று என்னால் சொல்ல முடியாது, எழுத்தில் படித்துவிட்டு யாரும் சொல்லவும் கூடாது. ஐந்து வாரம் ஆகிவிட்டதால் நரம்புக் கடத்தல் பரிசோதனை (நரம்பு வழியே மின்துடிப்பு போகிறதா என்று பார்ப்பது) செய்தால் இப்போது தெளிவாகத் தெரியும். பெரியாஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டச் சொல்லுங்கள். தையல் போட்ட இடத்தின் டிஸ்சார்ஜ் சீட்டையும், கயிறு எவ்வளவு நேரம் கட்டியிருந்தது என்பதை உங்கள் தம்பி நினைவிலிருந்து எழுதிய ஒரு தாளையும் கையோடு கொண்டுபோகட்டும். இந்த வாரமே போகட்டும்.